பின்சீட்டுக்கு அடியில்

அங்க வேணாம் டாக்டர் சார். பின்சீட்டுக்கு அடியில மட்டும் வேணாம். வேற எங்க சொன்னாலும் வச்சுத் தர்றேன். அங்கதான் வேணும்னு நீங்க ஒத்தக் கால்ல நின்னா, கோவிச்சுக்காதீங்க, வேற ஆளப் பாத்துக்குங்க. வைக்கிறதுக்கு ஆளா இல்ல? ஆத்துக்கு அந்தாண்ட போனா நாலு பேர் இருக்கான். சிரிச்சுக்கிட்டே வச்சுக் குடுப்பான்.

கண்ணுக்குத் தெரியாம இருந்தா போட்டு பாக்க லட்சணமா இருக்கும்னு நீங்க சொல்றது புரியுது. புது போட்டு. விஜயதசமியாப் பாத்து வேல ஆரம்பிக்கணும்னு மெட்ராஸ்லேந்து இழுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. வெள்ளை வெளேர்னு இருக்கு. அதுல போயி ஸ்டியரிங் பக்கத்துல ஒரு உளுந்து வடை அளவுக்கு செவப்புக் குமிழ வச்சா, வர்றவன் போறவன் எல்லாம் இது என்னன்னு கேப்பான். கேக்கட்டுமே சார். பேட்டரி சுவிட்சுன்னு சொல்லுங்க. இதத் திருகினா பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு அறுந்துடும்னு சொல்லுங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதான்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன்.

இந்த சுவிட்ச எங்க வைக்கணும்னு புத்தகத்துல இருக்கு சார். நான் படிச்சிருக்கேன். எட்டாவதுதான், ஆனா ஒயரிங் படம் போட்ட புத்தகம்னா எந்த பாஷையா இருந்தாலும் படிச்சிருவேன். பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கணும். பெட்ரோல் ஆவி தேங்குற எடத்துல இருக்கக் கூடாது, பொறி விழுந்தா போச்சு. ஆபத்துன்னா சட்டுனு கைக்கு எட்டணும். யார் காலும் இடிக்கக் கூடாது. இந்த நாலையும் ஒரே எடத்துல கொண்டாறதுக்குள்ள தாவு தீந்துடும். எடம் இருந்தா ஒயர் எட்டாது, ஒயர் எட்டுனா ஆவி வரும். அதுக்குத்தான் எங்களக் கூப்புடுறாங்க.

இருபத்தெட்டு வருஷமா இந்த யார்டுல இருக்கேன். நானும் பக்கத்துக் குப்பத்துக்காரன்தான். அப்பன் பாட்டன் எல்லாம் கடலுக்குப் போனவன். எனக்கு மட்டும் கடல் ஒத்துக்கல. முகத்துவாரம் தாண்டுனா கொடலப் பொரட்டிக்கிட்டு வாந்தி வரும். ஊரே சிரிக்கும். சரி, கரையில நின்னுக்கிட்டே போட்டுல வேல செய்யிற தொழிலாப் பாப்போம்னு ஒயரு புடிக்க வந்துட்டேன். நாகலிங்கம் கை வச்ச போட்டு ரிப்பேருக்குத் திரும்பி வராதுன்னு பேரு. நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா கேட்டுப் பாருங்க.

என் மச்சினன் தனவேலு இங்கதான் டிரைவரா இருந்தான். என் சம்சாரம் செண்பகத்தோட தம்பி. முதலாளிங்க சனி ஞாயிறு மெட்ராஸ்லேந்து வருவாங்க, போட்ட எடுத்து சுத்திக் காட்டுறது அவன் வேல. நல்ல கை சார் அவனுக்கு. அலை எழும்புறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரியும். போட்டக் கொண்டாந்து துறையில சேத்தா, உள்ள உக்காந்திருக்கிறவன் கையில இருக்கிற டீ சிந்தாது. அவன நாந்தான் இங்க சேத்துவிட்டேன். அதச் சொல்லிக் காட்டிக்கிட்டே இருப்பேன், அவனும் சிரிச்சுக்கிட்டே இருப்பான்.

அப்ப ஒரு போட்டு வந்துச்சு. உங்களது மாதிரியே இருபத்தோரு அடி. அதுக்கு ஒயரிங் முழுக்க நான். சுவிட்ச பின்சீட்டுக்கு அடியில இருக்கிற பொட்டிக்குள்ள வச்சேன். அதே பொட்டியிலதான் லைஃப் ஜாக்கெட்டையும் போட்டு வைப்பாங்க. முதலாளிதான் கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாரு.

இல்ல. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். அவர் அப்படி ஒண்ணும் சொல்லல. உனக்கு எது சரின்னு படுதோ அங்க வையின்னுதான் சொன்னாரு. ஸ்டியரிங் வரைக்கும் இழுக்க ஒயர் நாலடி பத்தல. பாண்டிச்சேரி டவுனுக்குப் போயி அந்தத் தடிமன்ல ஒயர் வாங்கியாரணும். அன்னைக்கு வெயிலு. யாரு போறதுன்னு இருந்துச்சு. பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கே, பின்சீட்டுப் பொட்டி பேட்டரிக்கு ஒட்டுனாப்புலதான இருக்குன்னு வச்சு முடிச்சுட்டேன். வேல சுத்தமா இருந்துச்சு சார். அதுல ஒரு கொறை சொல்ல முடியாது.

தனவேலுதான் சொன்னான். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. "மாமா, இத ஸ்டியரிங் கிட்ட மாத்திக் குடேன். ஜாக்கெட் எடுக்கிறப்ப அதோட வாரு அந்தக் குமிழ்ல போயி மாட்டுது"ன்னான். மொதத் தடவ, பாக்கலாம்டான்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவ சொன்னப்ப யார்டு ஆளுங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. எனக்கு சுள்ளுனு வந்துடுச்சு. "நீ வீலப் புடி, ஒயரு எனக்குத் தெரியும். நான் வந்து உனக்கு அலை பாக்கச் சொல்லித் தர்றேனா?"ன்னு கேட்டேன். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. அவன் மூஞ்சி செவந்து போச்சு. அதுக்கப்புறம் அவன் அதப் பத்திப் பேசல.

டீ வந்துடுச்சு, எடுத்துக்குங்க. சக்கர கம்மியாத்தான் சொன்னேன்.

ஆயுதபூஜைக்கு இங்க ஒரு பழக்கம் உண்டு. போட்டெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, முன்னால வாழக்கன்னு கட்டி, பூசணிக்கா ஒடைப்போம். பொரி, கடலை, சுண்டல் எல்லாம் குடுத்த பின்னாடி வேல செய்யிறவன் குடும்பத்த ஒரு ரவுண்டு ஏத்திக்கிட்டுப் போயி வரலாம். வருஷத்துல அந்த ஒரு நாள்தான். மத்த நாள்ல நம்ம ஜனம் அந்த சீட்டத் தொடக்கூட முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பூஜைக்கு செண்பகம் அரக்குக் கலர் பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு வந்திருந்தா. எம்பொண்ணு தேன்மொழி கல்யாணத்துக்கு எடுத்தது. "நீயும் வாயேன், இன்னைக்கு ஒரு நாளாவது"ன்னு என்னையக் கூப்பிட்டா. எனக்கு வாந்தி வரும்டி, பட்டுப் பொடவ வீணாப் போயிடும்னு சொன்னேன். சிரிச்சா.

போட்டுல மூணே பேரு. தனவேலு, அவன் சம்சாரம் காஞ்சனா, செண்பகம். காஞ்சனாவுக்கு அப்ப ஆறாவது மாசம். ஜாக்கெட் யாரும் போட்டுக்கல. பட்டுப் பொடவ மேல, பூ வச்சுக்கிட்டு, யார் சார் அந்த ஆரஞ்சு மூட்டைய மாட்டுவாங்க? ஆத்துக்குள்ளதான சுத்தப் போறோம்னு கெளம்பிட்டாங்க. நான் பூசணிக்கா சிதறினத பெருக்கித் தள்ளிக்கிட்டு நின்னேன்.

பாதி வழியில செண்பகம் தம்பிகிட்ட கேட்டிருக்கா. "நாம பொறந்த குப்பத்த கடல்லேந்து நான் பாத்ததே இல்லடா. முகத்துவாரம் வரைக்கும் கொண்டுபோயி ஒரு தடவ காட்டேன்"னு. எங்க பொம்பளைங்க கடலோரத்துலயே பொறந்து கடலோரத்துலயே சாவாங்க, கடல்ல காலு வைக்க மாட்டாங்க. நீச்சலும் தெரியாது. அக்கா ஆசப்பட்டுக் கேக்குறாளேன்னு இவனும் கொண்டுபோனான். தாண்டல சார். மணல்திட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, அந்தா பாருக்கா கோயிலு, அந்தா நம்ம வீடுன்னு கையக் காட்டியிருக்கான். அவ கையத் தட்டிச் சிரிச்சாளாம். காஞ்சனா சொன்னா.

ஐப்பசி நெருங்குற நேரம், அலை எப்படி வரும்னு சொல்ல முடியாது. பெருசா ரெண்டு அலை திட்டு மேல ஏறி வந்துச்சு. தனவேலு பாத்துட்டான். பதறல. போட்டத் திருப்பிக்கிட்டே, "அக்கா, சீட்டத் தூக்கி ஜாக்கெட்ட எடு, ரெண்டு பேரும் மாட்டிக்குங்க"ன்னான். செய்ய வேண்டியத செஞ்சான். செண்பகம் ஒரு ஜாக்கெட்ட எடுத்து, புள்ளத்தாச்சிப் பொண்ணுன்னு மொதல்ல காஞ்சனாவுக்கு மாட்டிவிட்டா. ரெண்டாவத இழுத்தா. அது வரல. பலமா இழுத்தா. எஞ்சின் நின்னு போச்சு.

பழைய எஞ்சினா இருந்தா ஓடியிருக்கும் சார். இப்ப வர்றது எல்லாம் உள்ள கம்ப்யூட்டர் வச்சது. கரண்டு அறுந்தா பொட்டுனு நின்னுடும். ஓடாத போட்டு அலைக்குக் குறுக்கால நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

நான் துறையிலேந்து பாத்தேன். அந்த வாழக்கன்னு சாயிறதத்தான் மொதல்ல பாத்தேன். குப்பத்து ஆளுங்க ஃபைபர் போட்டுல பறந்து போனாங்க. காஞ்சனா ஜாக்கெட்டோட மெதந்தா, தனவேலு அவளப் புடிச்சுக்கிட்டு இருந்தான். அக்கா அக்கான்னு கத்திக்கிட்டே புடிச்சிருந்தான். அவள விட்டுட்டு இவளத் தேட முடியுமா? வயித்துல புள்ள. செண்பகத்த ஒரு மணி நேரம் கழிச்சு திட்டுக்குக் கீழ எடுத்தாங்க. பட்டுப் பொடவ ரெண்டு காலையும் சுத்திக்கிட்டு இருந்துச்சு. இருங்க சார். ஒரு நிமிஷம்.

ஒண்ணுமில்ல. சொல்றேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும், போட்ட இழுத்தாந்து மணல்ல போட்டாங்க. எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நானும் அங்கதான் இருந்திருக்கணும். எதுக்கு எழுந்து இங்க வந்தேன்னு இன்னிய வரைக்கும் தெரியாது. கால் தானா வந்துச்சு. பின்சீட்டத் தூக்கிப் பாத்தேன். ரெண்டாவது ஜாக்கெட்டு உள்ளயே தொங்குது. அதோட வாரு அந்தச் செவப்புக் குமிழ ரெண்டு சுத்து சுத்தியிருக்கு. குமிழு ஆஃப்ல நிக்குது.

நான் வாரப் பிரிச்சேன். குமிழத் திருகி ஆன்ல வச்சேன். சீட்ட மூடுனேன். என்னமோ பெருசா திட்டம் போட்டு செஞ்சேன்னு நெனைக்காதீங்க. இத்தன வருஷமா ஒயரு புடிச்சவனுக்கு, ஆஃப்ல இருக்கிற சுவிட்சப் பாத்தா கை அதத் திருகும், அவ்வளவுதான். தொழில் பழக்கம்.

அப்புறம் போலீஸ் வந்துச்சு. இன்ஷூரன்ஸ்லேந்து ஒருத்தர் வந்தாரு. சுவிட்ச் ஆன்ல இருக்குன்னு எழுதிக்கிட்டாரு. எஞ்சின் எப்படிய்யா நின்னுச்சு, நீதான ஒயரிங்னு என்னையக் கேட்டாரு. பெட்ரோல்ல தண்ணி இருந்திருக்கும்னேன். டேங்கத் தொறந்தாங்க, தண்ணி இருந்துச்சு. கவுந்து கெடந்த போட்டு டேங்குல தண்ணி இல்லாம என்ன சார் இருக்கும்? அன்னைக்குக் காலையில கேன்லேந்து பெட்ரோல் ஊத்துனது தனவேலு. துணியில வடிகட்டித்தான் ஊத்துவான், எப்பவும் அப்படித்தான். அவன் மேல கேஸு கொஞ்ச நாள் நடந்துச்சு, பெருசா ஒண்ணும் பண்ணல. இங்கேந்து மட்டும் வேலையவிட்டு அனுப்பிட்டாங்க. இப்ப ஐஸ் கம்பெனியில மூட்டை தூக்குறான். அலை பாக்கத் தெரிஞ்சவன் சார் அவன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வந்து என் முன்னாடி உக்காந்தான். "மாமா, ஒண்ணு கேக்கணும். சாவியத் திருப்புனேன். ஒரு கிளிக் சத்தம்கூட வரல. முன்னால ஒரு லைட்டும் எரியல. பெட்ரோல்ல தண்ணின்னா செல்ஃபாவது அடிக்கணும்ல?"ன்னு கேட்டான். சரியாத்தான் கேட்டான். டிரைவருக்கு அந்த அளவுக்குத் தெரியும். அக்கா ஜாக்கெட்ட இழுத்துக்கிட்டு இருந்தப்பதான் நின்னுச்சுன்னும் சொன்னான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டான், இன்னும் ஒரு எட்டு எடுத்து வச்சா போதும். நான் விடல. "அலை அடிச்சு ஷார்ட் ஆயிருக்கும்டா. நீ பதட்டத்துல இருந்த, உனக்கு எது மொத எது பின்னன்னு எப்படித் தெரியும்?"னேன். கரண்ட் விஷயத்துல நான் சொன்னா அவனுக்கு வேதம். "ஆமா, பதட்டத்துலதான் இருந்தேன் மாமா"ன்னு எழுந்து போயிட்டான்.

அதுக்கப்புறமும் விடல. வழியில பாத்தா கேப்பான். டீக்கடையில பாத்தா கேப்பான். கிளிக் சத்தம் வரலையே மாமா, வரலையே மாமான்னு. ஒரு நாள் நாலு பேருக்கு முன்னாடி கத்திட்டேன். "எம்பொண்டாட்டியக் கொன்னுட்டு என்கிட்டயே கணக்குக் கேக்குறியா? என் வீட்டு வாசப்படி ஏறாத"ன்னு. ஏறல சார். ஆறு வருஷம் ஏறல. வருஷா வருஷம் செண்பகத்தோட திதியன்னைக்கு தெரு முக்குல வந்து நிப்பான். புது வேட்டி கட்டிக்கிட்டு, கையில பூவோட. சாப்பாடு முடியிற வரைக்கும் நின்னுட்டுப் போயிடுவான். நான் ஜன்னல மூடிக்குவேன்.

நீங்க பாக்குற பார்வை தெரியுது டாக்டர் சார். சொல்லியிருக்கலாமேன்னு பாக்குறீங்க. சொல்றது சுலபமா? தேன்மொழிக்கு ஆத்தா இல்ல. ஒயரு நாலடி பத்தலைன்னு உங்கப்பன்தான் உங்கம்மாவ அனுப்பிவச்சான்னு தெரிஞ்சா, அவளுக்கு அப்பனும் இல்லாமப் போயிடுவான். அவள நெனச்சுத்தான் நான் வாயத் தொறக்கல. எனக்காக இல்ல. அதுவுமில்லாம நான் சும்மா இருந்துடல. அதுக்கப்புறம் ஜாக்கெட் பொட்டியில சுவிட்ச் வைக்கச் சொன்ன ஒருத்தனுக்கும் நான் வச்சுக் குடுத்ததில்ல. உங்கள மாதிரி கேட்டவங்க எல்லாரையும் இதே ஸ்டூல்ல உக்கார வச்சு, வாரு மாட்டும், ஆபத்துன்னு மட்டும் சொல்லியிருக்கேன். எத்தன பேரு உசுரு தப்பிச்சிருக்கும், நெனச்சுப் பாருங்க.

நேத்துதான் ஆறாவது வருஷத் திதி. தேன்மொழி கடலூர்லேந்து புருஷனோட வந்திருந்தா. காலையிலயே சொல்லிட்டா. "அப்பா, நான் மாமாவ உள்ள வரச் சொல்லிட்டேன். எத்தன நாளைக்குப்பா தெரு முக்குல நிக்க வைப்பீங்க? அம்மா இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?"ன்னா. அவன் வந்தான். காஞ்சனாவும் வந்தா, அந்தப் புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு. பையனுக்கு அஞ்சு வயசு தாண்டிடுச்சு. தனவேலுக்கு முடியெல்லாம் வெளுத்துப் போச்சு சார். என்னைவிட பன்னெண்டு வயசு சின்னவன்.

செண்பகம் படத்துக்கு முன்னாடி பூவ வச்சுட்டுக் கொஞ்ச நேரம் நின்னான். நான், இப்ப கேப்பான், கிளிக் சத்தத்த கேப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் கேட்டா சொல்லிடறதுன்னு முடிவே பண்ணிட்டேன். சத்தியமா சார். பொண்ணு இருக்கா, மாப்ள இருக்காரு, எல்லாரும் இருக்கட்டும், சொல்லிடறதுன்னு.

அவன் கேக்கல. திரும்பி வந்து தடால்னு என் கால்ல விழுந்தான். "நாந்தான் மாமா. தண்ணி கலந்த பெட்ரோல நாந்தான் ஊத்தியிருக்கேன். அன்னைக்கு அவசரத்துல துணிய ஒழுங்கா மடிக்கல. ஆறு வருஷமா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், இப்ப நல்லா நெனப்பு வந்துடுச்சு. உன்கிட்ட கிளிக் சத்தம் அது இதுன்னு பேசினதெல்லாம் தப்பு. எங்கக்காவ நாந்தான் கொன்னேன். என்னைய மன்னிச்சுடு மாமா"ன்னு என் ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு அழுதான். காஞ்சனா சுவத்தப் புடிச்சுக்கிட்டு அழுதா. தேன்மொழியும் அழுதா. எல்லாரும் என்னையே பாத்தாங்க.

நான் குனிஞ்சு அவனத் தூக்குனேன். "சரி எந்திரிடா, மன்னிச்சுட்டேன்"னேன்.

அவன் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டான். இன்னைக்குத்தான் மாமா எனக்குத் தூக்கம் வரும்னான். எலை போட்டாங்க. ஆறு வருஷத்துக்கு அப்புறம் என் பக்கத்துல உக்காந்து அவன் சாப்பிட்டான். தேன்மொழி பரிமாற வந்தவ என் தோளத் தொட்டு, "அப்பா, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுப்பா"ன்னா.

ரசம் கொண்டாம்மான்னேன்.